பொறுத்துக்கோங்க என்று சொல்லாதீர்கள்

என் அக்காவுக்கு அப்போது 81 வயது. விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. ஆபரேஷன் மூன்றாம் நாள்தான் என்றார்கள். இரத்தப் பரிசோதனை, இதய டாக்டரின் ஒப்புதல் என்று காரணங்கள் இருந்தன. அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த மூன்று நாளும் எக்ஸ்ரேவுக்குத் தூக்கும்போது, பெட்பேன் வைக்கும்போது, புடவை மாற்றும்போது அக்கா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எலும்பு முறிஞ்சா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோங்கம்மா." இரண்டாம் நாள் இரவு அக்காவுக்குப் புத்தி தடுமாறியது. எப்போதோ இறந்துபோன அப்பாவிடம் பேச ஆரம்பித்துவிட்டார். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்றார்கள்.

போன மாதம் நண்பரின் மனைவிக்கு அதே முறிவு, வேறு மருத்துவமனை. வந்த ஒரு மணி நேரத்துக்குள் மயக்க மருந்து டாக்டர் வந்து, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி தொடையின் மேல்பகுதியில் ஓர் ஊசி போட்டார். அரை மணியில் அந்த அம்மாள் முனகாமல் படுத்திருந்தார். இதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இப்படி ஒன்று இருக்கும்போது என் அக்கா ஏன் மூன்று நாள் கதறினார்?

இது நேற்று முளைத்த வித்தை அல்ல. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து காட்டினார். 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் முதுகுத்தண்டில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார். இடுப்பு முறிவுக்கு இன்று போடும் 'ஃபேசியா இலியாக்கா' ஊசியை 1989-இல் பிரான்சின் டாக்டர் தாலென்ஸ் குழந்தைகளுக்காக விவரித்தார்; பிறகு அது பெரியவர்களுக்கும் வந்தது. மருந்தைப் பெரிய இரத்தக் குழாயிலிருந்து தள்ளிப் போடுகிறார்கள். அது பரவி நரம்பைச் சென்றடைகிறது. பல மணி நேரம் வலி அடங்கும். 2018-இல் கனடாவிலிருந்து 'பெங்' என்ற இன்னொரு முறை வந்தது. அதில் மூட்டுக்குப் போகும் சிறு நரம்புகள் மட்டும் மரத்துப்போகும். காலின் பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, இவ்வகை ஊசி போட்ட அரை மணிக்குள் அசையும்போது வரும் வலி குறைகிறது, புத்தி தடுமாறுவதும் குறைகிறது என்கிறது. அக்காவின் அந்த இரவுக்கு வயதை மட்டும் காரணம் காட்டியவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

"அதற்கெல்லாம் வசதி வேண்டாமா?" என்பார்கள். ஆபரேஷன் செய்யும் மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் இல்லாமலா இருப்பார்? மருந்தும் பழையதுதான். பிரிட்டனில் பயிற்சி பெற்ற நர்சுகளே இந்த ஊசியைப் போடும் மருத்துவமனைகள் உண்டு. இல்லாதது வசதி அல்ல, வலியை ஒரு நோயாக எண்ணும் மனம்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழக்கத்தில் அந்த நாட்டுச் சட்டத்தைப் புரட்டினேன். வலியைத் தணிக்கும் சிகிச்சை ஒவ்வொருவரின் உரிமை. வலியை எந்த நிலையிலும் தடுக்க வேண்டும், அளக்க வேண்டும், கவனிக்க வேண்டும், சிகிச்சை தர வேண்டும் என்று 2002 மார்ச் 4-ஆம் தேதிச் சட்டம் சொல்கிறது. கருணை காட்டச் சொல்லவில்லை, உரிமை என்கிறது.

நம் மேலும் தப்பு உண்டு. வலியைத் தாங்குவதைப் பெருமையாகப் பேசுகிறோம். டாக்டர் கேட்டால் "பரவாயில்லை" என்கிறோம். இனி அப்படிச் சொல்லாதீர்கள். வீட்டில் யாராவது விழுந்தால், "வலிக்கு நரம்பு ஊசி போட முடியுமா?" என்று முதல் மணியிலேயே கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால் அதையும் சொல்லுங்கள். கூடாது என்றால் டாக்டர் காரணம் சொல்லட்டும், ஏற்றுக்கொள்வோம். "பொறுத்துக்கோங்க" என்பது காரணம் அல்ல.

காலமெல்லாம் கோப்பு பார்த்தவன் நான். குறிப்பில் ஏறாத விஷயத்துக்கு எந்த ஆபீசிலும் நடவடிக்கை வராது. கட்டிலில் தொங்கும் அட்டையில் காய்ச்சலும் பிரஷரும் எழுதுகிறார்கள். அதன் பக்கத்தில் வலியையும் எழுதச் சொல்லுங்கள்.