வரிச்சுமைக்கு ஓர் எல்லை

போளூருக்கு நாம் சென்றிருந்தபோது, பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தாரோடு திண்ணையில் அமர்ந்து உரையாடினோம். வரியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. “எங்களுக்கு ஏது சாமி வரி? அதெல்லாம் சம்பளக்காரர்களுக்குத்தானே!” என்றார் குடும்பத் தலைவர்.

அவர் கூறியதில் பாதி உண்மை உண்டு. வேளாண் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. ஆனால் அவ்வீட்டில் வாங்கும் குளியல் சோப்புக்கு வரி உண்டு. 18 விழுக்காடாக இருந்த அது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆயிற்று. மகனுடைய கைப்பேசிக் கட்டணத்துக்கு வரி 18 விழுக்காடு. பூண்டு மூட்டைகளை வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் லாரியின் டீசலில் மத்திய அரசின் கலால் வரியும், மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரியும் அடங்கியுள்ளன. அவை லாரி வாடகையாக மாறி விவசாயியின் தலையிலேயே விழுகின்றன.

ஒரு குடும்பம் செலுத்தும் மொத்த வரிக்கு எல்லை வேண்டும் என்பது நியாயமான கோரிக்கையே. தனியொரு வரிக்கு எல்லை வகுப்பது நமக்குப் புதிதன்று. தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டலாகாது என்று அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு விதிக்கிறது. எல்லா வரிகளையும் கூட்டி நோக்கும் எல்லைதான் இல்லை.

பிரான்சு நாடு அதனையும் செய்து பார்த்தது. ஒரு குடும்பத்தின் நேரடி வரிகள் வருமானத்தில் 60 விழுக்காட்டை மீறலாகாது என 2006-இல் வரம்பிட்டது. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 50 ஆக்கியது. கடையில் செலுத்தும் வரியோ அக்கணக்கில் சேரவில்லை. எனவே பெரும்பயன் பெருஞ்செல்வருக்கே சென்றது. எதிர்ப்பு வலுக்கவே, 2011-இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது.

எல்லை வகுத்தால் மட்டும் போதாது. எவ்வெவ்வரிகளை எண்ணுகிறோம் என்பதே முக்கியம். வருமானம் முழுவதையும் அன்றாடத் தேவைக்கே செலவிடும் ஏழை, மிச்சம் பிடித்துச் சேமிக்கும் செல்வரைவிடத் தம் வருமானத்தில் கூடுதல் பங்கை மறைமுக வரியாகத் தருகிறார். பொருள் வாங்குவோரின் வருமானத்தைக் கடைக்காரர் விசாரிக்க இயலாது. ஆகவே, இன்றியமையாப் பொருள்களின் வரியைத் தாழ்த்தி வைப்பதே ஏழைக் குடும்பத்துக்குரிய மெய்யான எல்லை.

வரியே வேண்டாம் என்பதன்று நம் வாதம். மலைப்பாதையும், அரசுப் பள்ளியும், நியாயவிலைக் கடை அரிசியும் வரிப்பணத்தாலேயே வருகின்றன. அப்பணத்தில் போளூர்க் குடும்பத்தின் பங்கும் உண்டு.

அன்பு வாசகர்களே, ஒரு மாதக் கடை ரசீதுகளைச் சேர்த்து வைத்து, அவற்றிலுள்ள வரியைப் பிள்ளைகளைக் கொண்டு கூட்டிப் பாருங்கள். அதன்பின் சாலையையோ மருத்துவமனையையோ கேட்கும்போது தலைகுனிந்து நிற்கவேண்டியதில்லை. நாம் கேட்பது சலுகையன்று. செலுத்திய வரிக்குரிய உரிமையே.