அழைப்பு எங்கிருந்து வருகிறது?

நோயாளியின் அருகே நெடுநாள் அமர்ந்திருப்போர் மனத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு: "இறைவன் எனக்கென வகுத்த பணி யாது? அதைச் செய்ய வேண்டிய காலமெல்லாம் இக்கட்டிலின் ஓரத்திலேயே கழிகிறதே!" வயலையும் கடையையும் படிப்பையும் விட்டு வந்தவர்களுக்கு இக்கேள்வி வலி மிக்கது. இதற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

வேலூர் கிறித்துவ மருத்துவமனையை அறியாதோர் நம் மாவட்டத்தில் குறைவு. அதனைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், மருத்துவரின் மகளாகப் பிறந்தும் மருத்துவராக விரும்பாதவர். திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஓரிரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். அவரோ மருத்துவம் கல்லாதவர். ஆண் மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்ல வந்தவர்கள் இசையவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அத்துயரையே அவர் இறையழைப்பாக ஏற்றார். 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணியாற்றினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார்.

நம் அரூர் வட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே உள்ள சிட்லிங்கிக்கு, 1990களின் தொடக்கத்தில் மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் வந்தனர். அன்று அங்கே பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்திற்கு 147 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். ஒரு குடிசையில் சிகிச்சை தொடங்கியது. மலைவாழ் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராயினர். இறப்பு பெருமளவு குறைந்தது. பின்னர் இயற்கை வேளாண்மையும், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் தொழிலும் அப்பணியின் கிளைகளாயின.

இவ்விரு வரலாறுகளிலும் நாம் காண்பது ஒன்றே. அழைப்பு பிறர் துயரின் வழியே வந்தது. ஐடாவுக்கு அதற்கான திறன்கூடப் பின்னரே வாய்த்தது. எனவே, கட்டிலருகே கழியும் நாள்கள் வாழ்வில் வீணானவை என்று நாம் கருதவில்லை. புண்ணுக்குக் கட்டுப் போடவும், மருந்தை வேளை தவறாது கொடுக்கவும், அஞ்சுபவரின் கையைப் பற்றியிருக்கவும் கற்றவர், முன்பு தம்மிடம் இல்லாத ஒன்றைப் பெற்றிருக்கிறார். அடுத்த கட்டிலுக்குப் புதிதாய் வந்து திகைத்து நிற்பவருக்கு அது இன்றே பயன்படும்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். "உங்கள் நன்மைக்காகவே இறைவன் இந்நோயைத் தந்தான்" என்று நோயுற்றவரிடம் நாம் சொல்லலாகாது. வலியில் பொருள் காணும் உரிமை வலியைத் தாங்குபவருக்கே உண்டு. அவ்வாறே, கடமை என்னும் பெயரால் பராமரிப்பவர் உணவையும் உறக்கத்தையும் துறப்பதும் தகாது. உறவினரிடம் முறை மாற்றிக் கொள்ளுங்கள். சோர்வைச் செவிலியரிடம் தயங்காது கூறுங்கள்.

வாழ்நாள் முழுவதற்குமான வழி இன்றே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. இன்று நம்மை யார் வேண்டி நிற்கிறார் என்று நோக்கினால் போதும். அடுத்த அடி அங்கிருந்தே தொடங்கும்.