வீட்டுக் கல்வி யாருடைய விருப்பம்?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் வசதியான பெற்றோர் பெருநகரங்களில் பெருகிவருகிறார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வும் சான்றிதழும் அவர்களுக்குத் துணிவு தருகின்றன. ஆனால் வடசென்னையின் வியாசர்பாடியில் வீட்டுக் கல்வி என்றால் நினைவுக்கு வரவேண்டிய பிள்ளை வேறு: மூளை முடக்குவாதமோ பல்வகைக் குறைபாடோ கொண்டு, மாடிக் குடியிருப்பை விட்டு இறங்க முடியாத பிள்ளை. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், கடுமையான ஊனம் உள்ள பிள்ளை விரும்பினால் வீட்டிலிருந்தே கற்கலாம் என்கிறது. அந்த உரிமை பிள்ளையுடையது. சேர்க்க மனமில்லாத பள்ளி, ‘வீட்டுக்கே டீச்சர் வருவாங்கம்மா’ என்று தாயைத் திருப்பி அனுப்பும்போது அது பள்ளியின் சாக்காகிவிடுகிறது.

வீட்டுக் கல்விக்கு முதலில் வீட்டில் இடமும், பகலில் உடனிருக்க ஓர் ஆளும் வேண்டும். இங்கே ஒற்றை அறையில் சமையல், படுக்கை எல்லாம் நடக்கிறது. தாயும் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் குடும்பங்கள் ஏராளம். சிறப்புப் பயிற்றுநர் வந்துபோகும் நேரம் நீங்கலாக, நாள் முழுவதும் அந்தப் பிள்ளைக்குச் சுவர்தான் துணை. கூடப் படிக்கும் பிள்ளையோடு சண்டை போடவும் சமாதானமாகவும் எந்தப் பயிற்றுநராலும் சொல்லித்தர முடியாது. உள்ளடக்கிய கல்வியின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

பள்ளியில் கேலி செய்வார்கள், கழிப்பறைக்கு யார் தூக்கிப்போவார்கள், மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எப்படிப் போவது என்று பெற்றோர் கேட்பது நியாயம். வலிப்பும் தொற்றும் விடாத சில பிள்ளைகளுக்கு வீடே பாதுகாப்பு. அவர்களை இழுத்துவரச் சொல்லவில்லை. ஆனால் சாய்தளமும் ஏற்ற கழிப்பறையும் பயிற்சிபெற்ற ஆசிரியரும் பள்ளியில் இருந்து, அதன்பிறகும் தாய் வீட்டைத் தேர்ந்தால்தான் அது விருப்பம். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 மாணவருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்ற அளவை 2021-இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. பணம் எங்கே என்பார்கள். போக்குவரத்துப் படியும் துணைவருவோர் படியும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆட்டோக் கட்டணத்துக்குக் கட்டுபடியாகும்படி அவற்றை உயர்த்தி, தவறாமல் மாதாமாதம் தாயின் கணக்கில் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம்.