மடியில் கனம்

'மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?' என்ற பழமொழியைச் சமீப காலத்தில் நான் கேட்டதுபோல் முன்பு எப்போதும் கேட்டதில்லை. சொல்கிறவர்கள் எல்லோரும் படித்தவர்கள். நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவர்கள். நாவல்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் அளவுக்குப் பெருந்தன்மை உள்ளவர்கள். அவர்களைப் பகைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் அவர்கள் சொல்வது தப்பு. அதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

சங்கதி கணினியைப் பற்றியது. 2024-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி, அமெரிக்காவில் ரெட்மண்ட் நகரத்தில், மைக்ரோசாப்ட் கம்பெனியார் தங்கள் விண்டோஸ் 11 இயங்குதளத்தில் புதிதாக ஓர் அங்கத்தைச் சேர்க்கப் போவதாக அறிவித்தார்கள். அதற்கு 'ரீகால்' என்று பெயர். 'கோபைலட் பிளஸ்' என்ற புது ரகக் கணினிகளில் மட்டும் வேலை செய்வது. கணினித் திரையைச் சில விநாடிகளுக்கு ஒரு முறை அது படம் பிடிக்கும். படத்தில் உள்ள எழுத்தையெல்லாம் தானே வாசித்து அடுக்கி வைத்துக்கொள்ளும். இரண்டு மாதம் கழித்து, "அந்த மஞ்சள் கரைப் புடவையை எங்கே பார்த்தேன்?" என்று கேட்டால், பார்த்த பக்கத்தைக் கொண்டுவந்து காட்டும். 256 ஜிபி இடமுள்ள கணினியில் 25 ஜிபியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய மூன்று மாதத்துப் படங்களைச் சேர்த்து வைக்கும் என்று கணக்கும் சொன்னார்கள். கம்பெனியின் தலைவர் சத்யா நாதெள்ளா இதைப் புகைப்படம் போன்ற ஞாபகசக்தி என்று வர்ணித்தார். நீங்களாகப் போய் நிறுத்தினால் ஒழிய, புதுக் கணினியில் அது ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

(புடவைக் கேள்வியைத் தமிழில் கேட்டால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பது சந்தேகம். ரீகாலுக்கு நன்றாக வரும் மொழிகள் என்று கம்பெனியார் கொடுத்த பட்டியலில் இங்கிலீஷ், சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான், ஸ்பானிஷ் எல்லாம் இருந்தன, தமிழ் இல்லை. நம் மொழிக்கு நேர்ந்த அவமரியாதைகளில் நான் மனப்பூர்வமாக வரவேற்றது இது ஒன்றைத்தான்.)

உடனே உலகமெங்கும் கூச்சல் எழுந்தது. கூச்சல் போட்டவர்களைப் பார்த்துத்தான் நம் நண்பர்கள் பழமொழி சொன்னார்கள்.

அந்தப் பழமொழியைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து விசாரிப்போம். மடியில் கனம் என்றால் என்ன? திருட்டுச் சொத்தா? ஊர்விட்டு ஊர் நடந்து போன காலத்தில், நெல் விற்ற பணத்தையோ, பெண் கல்யாணத்துக்குச் செய்த நகையையோ மனிதன் மடியில் முடிந்துகொண்டு போனான். வழியிலே திருடர் பயம். பயந்தவன் யோக்கியன்; பயமுறுத்தியவன்தான் திருடன். அப்படிப்பட்ட பழமொழியைப் புரட்டிப் போட்டு, 'பயப்படுகிறாயா? அப்படியானால் நீ எதையோ ஒளிக்கிறாய்' என்று யோக்கியனையே மிரட்டும்படி செய்துவிட்டார்கள். ஐயா, ஒளிக்கத்தான் ஒளிக்கிறோம். பாங்கிக் கணக்கை ஒளிக்கிறோம், டாக்டர் எழுதியதை ஒளிக்கிறோம், தங்கைக்கு எழுதின கடிதத்தை ஒளிக்கிறோம். குடும்பம் நடத்துகிற எவனுக்கும் மடியில் கனம் உண்டு. இல்லாதவன் பரதேசி, அவன் கணினி வாங்குவதில்லை.

ரீகால் எதை எதைப் படம் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்று கம்பெனியாரே அப்போது விளக்கம் கொடுத்திருந்தார்கள். கடவுச்சொல் திரையில் தெரிந்தால் அதை மறைக்காது. பாங்கிக் கணக்கு எண் தெரிந்தால் அதையும் மறைக்காது. ஆனால் உரிமைப் பூட்டுப் போட்ட சினிமாப் படம் திரையில் ஓடினால், அதை மட்டும் பிடிக்காது. இதை நான் இரண்டு முறை படித்தேன். சினிமா முதலாளியின் சொத்துக்கு எங்கே திரை போட வேண்டும் என்பது இயந்திரத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதே திரையில், பக்கத்து ஜன்னலில், ஒரு பென்ஷன்காரர் தம் சேமிப்புக் கணக்கைத் திறந்து வைத்திருந்தால் அங்கே மட்டும் அதற்குக் கண் கூசுவதில்லை. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் என்று எதைச் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. யாருடைய மடியைக் காப்பது என்று உட்கார்ந்து யோசித்த கூட்டத்தில் சினிமா முதலாளிக்கு நாற்காலி இருந்தது, பென்ஷன்காரருக்கு இல்லை. அவ்வளவுதான்.

"படமெல்லாம் உங்கள் கணினிக்குள்ளேதானே இருக்கிறது? கம்பெனிக்குப் போவதில்லையே?" என்று கேட்டார்கள். வாஸ்தவம். கம்பெனிக்குப் போகவில்லை. ஆனால் வீட்டுக்குள் அதை எப்படி வைத்திருந்தார்கள்? கெவின் போமாண்ட் என்பவர், ஒரு காலத்தில் அதே கம்பெனியில் வேலை பார்த்தவர், அதைத் திறந்து பார்த்துச் சொன்னார்: திரையில் வாசித்த எழுத்தெல்லாம் பூட்டுப் போடாத ஒரு கோப்பில் சாதாரண எழுத்தாகவே கிடந்தது. கணினியை அணைத்து வைத்திருக்கும்போது வட்டு பூட்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் உள்ளே நுழைந்து வேலை செய்யும்போது பூட்டு திறந்துதானே இருக்கும்? இந்தக் காலத்துத் திருடன் வருவதும் அப்போதுதான். மின்னஞ்சலில் வந்த ஏதோ ஒரு கோப்பை நீங்கள் திறந்தபோது, உங்கள் பெயரிலேயே அவன் உள்ளே வந்துவிடுகிறான். அலெக்ஸாண்டர் ஹாகெனா என்ற மற்றொருவர், அந்தக் கோப்பை அள்ளி வாசிப்பதற்கு ஒரு சிறு கருவியையே எழுதி வெளியிட்டார், ஆபத்தை எல்லோருக்கும் காட்டுவதற்காக. முன்பெல்லாம் திருடன் அலமாரியைக் குடைந்து தேட வேண்டியிருந்தது. இப்போது மூன்று மாத வாழ்க்கையை மூட்டை கட்டி, வாசல் திண்ணையில் வைத்து, எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று பட்டியலும் எழுதி வைத்தாகிவிட்டது.

திருடனாவது வெளியிலிருந்து வருகிறவன். வீட்டுக்குள்ளேயே இருக்கிறவனை என்ன செய்வது? புருஷனுக்குப் பயந்து வாழும் பெண் ஒருத்தி, அவன் இல்லாத நேரத்தில், வக்கீல் யாராவது உதவுவார்களா என்று கணினியில் தேடிவிட்டு, தேடின சுவட்டை அழித்தும்விடுகிறாள். அந்தப் பெண்ணை நினைத்துத்தான் பல பேர் ஆட்சேபித்தார்கள். அவள் மடியில் இருந்த கனம் என்ன? தப்பித்துப் போகும் ஆசை. அதைப் பழமொழி சொல்லிக் கேலி செய்கிறவர்கள் என் கதைகளில் வரும் மாமியார்களைவிட மோசமானவர்கள்.

என் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாவலாசிரியன் எழுதுவதைவிட அடிப்பதுதான் அதிகம். நீங்கள் படிக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் நான் கிழித்துப் போட்ட மூன்று பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் அசட்டு உவமைகள் உண்டு; பக்கத்து வீட்டுக்காரரின் நிஜப் பெயர் உண்டு; சொல்லக் கூடாது என்று நான் பிற்பாடு தீர்மானித்த கோபங்கள் உண்டு. அழித்தால் அழியும் என்ற தைரியத்தில்தான் முதல் வரியையே மனிதன் எழுதுகிறான். முதுகுக்குப் பின்னால் ஒருவன் நின்று அடித்ததையெல்லாம் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் என்ன எழுதுவான்? ஸ்கூல் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை எழுதுவான்.

இந்தக் கூத்து நடந்த வேளையையும் கவனிக்க வேண்டும். 2023-ல் சீன அரசாங்கத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட ஒரு கூட்டம், மைக்ரோசாப்ட் கம்பெனியாரின் அஞ்சல் அமைப்பில் நுழைந்து, அமெரிக்க வர்த்தக மந்திரியின் கடிதங்களையே வாசித்தது. விசாரித்த அரசாங்கக் குழு 2024 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது: இது தடுத்திருக்கக் கூடியது, கம்பெனியின் பாதுகாப்பு வழக்கங்கள் போதாதவை. மே 3-ந் தேதி நாதெள்ளா தம் சிப்பந்திகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாதுகாப்பா, வேறு காரியமா என்ற கேள்வி வந்தால் பாதுகாப்பையே தேர்ந்தெடுங்கள் என்பது அதன் சாரம். நல்ல கடிதம். அதற்குப் பதினேழாவது நாள் ரீகால் மேடை ஏறியது!

கூச்சல் வீண் போகவில்லை. பிரிட்டனில் தகவல் கமிஷனர் அலுவலகம் கம்பெனியைக் கேள்வி கேட்டது. ஜூன் 7-ந் தேதி கம்பெனியார் இறங்கி வந்தார்கள். வேண்டுமென்று கேட்கிறவர்களுக்கு மட்டுமே ரீகால் ஓடும்; முகத்தையோ விரலையோ காட்டினால்தான் திறக்கும்; கோப்புக்குப் பூட்டு உண்டு என்றார்கள். பிறகு அறிவித்த தேதியில் வெளியிடுவதையும் நிறுத்தினார்கள். வேண்டாதவர்கள் அடியோடு நீக்கிவிடலாம் என்று செப்டம்பரில் சொன்னார்கள். ரீகால் பொதுவாக வெளிவந்தது 2025 ஏப்ரலில். இன்ன இன்ன ரகசியங்களைப் படம் பிடிக்காமல் தவிர்க்கும் வடிகட்டியும் அதற்குள் சேர்ந்திருந்தது. முன்னைவிட எவ்வளவோ மேல் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்தப் பூட்டெல்லாம் ஜூன் மாதத்தில் கண்டுபிடித்ததா? மே மாதத்திலேயே அவர்கள் கையில் இருந்தவைதாம். 'புதியது எதுவானாலும் முனகுகிற பழம்பஞ்சாங்கங்கள்' என்று யாரைக் கேலி செய்தார்களோ, அவர்கள் முனகியதனால்தான் பெட்டிக்குள் இருந்த பூட்டை வெளியே எடுத்தார்கள். இன்று அதை நிம்மதியாக உபயோகிக்கிற நண்பர்கள் அந்தப் பழம்பஞ்சாங்கங்களுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுப்பது நியாயம்.

"சரி, உங்களுக்கு வேண்டாம் என்றால் போடாதீர்கள், விவகாரம் தீர்ந்தது" என்கிறார்கள் இப்போது. தீரவில்லை. நான் போடாவிட்டாலும், என் கடிதத்தைப் படிக்கிறவர் போட்டிருந்தால், படம் பிடிபடுவது என் கடிதம். கொஞ்ச நேரத்தில் தானே மறைந்துபோகும்படி செய்தி அனுப்ப வசதி கொடுத்திருக்கும் 'சிக்னல்' செயலிக்காரர்களுக்கு இந்தக் கவலை வந்தது. தங்கள் ஜன்னலைப் படம் பிடிக்காதே என்று ரீகாலுக்குச் சொல்வதற்குச் செயலிக்காரர்களுக்கு மைக்ரோசாப்ட் தகுந்த வழி ஏதும் வைக்கவில்லை. ஆகவே 2025 மே மாதத்தில் அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: சினிமாப் படங்களுக்குப் போடுகிற அந்த உரிமைப் பூட்டையே எடுத்துத் தங்கள் ஜன்னலுக்குப் போட்டுக்கொண்டார்கள். தாயும் பிள்ளையும் அந்தரங்கமாகப் பேச வேண்டுமானால் சினிமாவாக வேஷம் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் கையெழுத்துப் பிரதியைப் பிழை திருத்திக் கொடுக்கும் நண்பர் போன மாதம் இந்தப் புது ரகக் கணினி ஒன்று வாங்கியிருக்கிறார். அடுத்த அத்தியாயத்தை அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவர் பழமொழி சொல்லாமல் இருக்க வேண்டும்.