வந்த நீர்தான் போகிறதா?

நீர்மின் நிலையத்துக்கு எதற்குக் கழிவுநீர் அனுமதிப்பத்திரம், அது ஆற்றில் எதனைக் கலக்கிறது, வந்த நீர் சுழலியைச் சுற்றிவிட்டு வந்தபடியே போகிறதே என்றொரு வாதம் நெடுங்காலமாக நம்மிடையே உலவுகிறது. பொறியியலாளர் சொல்லும்போது அது விஞ்ஞான உண்மைபோல் ஒலிக்கிறது. உத்தியோகத்தர் சொல்லும்போது சட்டம்போல் ஒலிக்கிறது. இடதுசாரி மேடைகளில் வளர்ந்த நம்மவர் சிலர் சொல்லும்போது தேசபக்திபோலவும் ஒலிக்கிறது. மூன்று குரல்களிலும் ஒலிப்பது ஒரே பொய்தான். கண்டியில் வாழும் நமக்கு அதனை நிறுவத் தூரதேசத்து உதாரணம் முதலில் தேவையில்லை. கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே நிற்கும் பொல்கொல்ல அணையே போதும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், 1988 இல் திருத்தப்பட்டபோது சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் என்னும் முறையைக் கொண்டுவந்தது. கழிவை வெளியேற்றும் தொழில் எதுவும் அப்பத்திரமின்றி நடத்தலாகாது. 2008 ஜனவரியில் வெளிவந்த அதிவிசேட வர்த்தமானி தொழில்களை மூன்று பகுதிகளாக வகுத்தது. பெருந்தீங்கு விளைப்பவை ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும், ஏனையவை மூன்றாண்டுக்கொருமுறை. வாகனம் பழுதுபார்க்கும் பட்டறையும் அதில் உண்டு. மிளகாய் அரைக்கும் சிற்றாலையும் உண்டு. மின்னுற்பத்தி நிலையங்கள் முதற்பகுதியிலேயே இடம்பெற்றன. ஆனால் அந்த வரியிலேயே ஒரு விலக்கும் எழுதப்பட்டது: நீர், சூரிய ஒளி, காற்று ஆகியவற்றால் மின்னாக்கும் நிலையங்கள் நீங்கலாக! கடன்பட்டு ஆலை வைத்தவன் படிவத்தை நிரப்பிக்கொண்டு பிரதேச சபைக்கு நடக்க வேண்டும். ஓர் ஆற்றையே வாரி விழுங்கும் நிலையத்துக்கு நிரப்புவதற்குப் படிவமே இல்லை. புதுப்பிப்பதற்கு ஒரு பத்திரம் இருந்தால் அல்லவா, அதனைப் புதுப்பிக்கலாமா கூடாதா என்று நாம் வாதாடலாம்!

நீரையும் வெயிலையும் காற்றையும் ஒரே மூச்சில் உச்சரித்த அந்த விலக்குக்குள் ஒரு சிந்தனை ஒளிந்திருக்கிறது. வெயில் ஒரு கண்ணாடித் தகட்டில் விழுந்தபின், அதனை எடுத்துக் குடிப்பவர் கீழே எவருமில்லை. ஆறு அப்படிப்பட்டதன்று. சுழலியை விட்டு வெளியேறும் ஒவ்வொரு குடம் நீருக்கும் கீழே ஒரு வாய் காத்திருக்கிறது.

பொல்கொல்லவில் நடப்பது என்ன? மகாவலி கங்கை பேராதனையைக் கடந்து கண்டி நகரை வளைத்துக்கொண்டு வடக்கே திரும்புகிறது. அவ்வளைவில் நகரம் தன் வயிற்றிலுள்ளதையெல்லாம் அதில் இறக்குகிறது. கண்டி வாவியிலிருந்து புறப்படும் மெத எல என்னும் கால்வாய், கடைவீதிகளின் பின்புறங்களையும் நெருங்கிய குடியிருப்புகளையும் தழுவி ஓடி ஆற்றில் விழுகிறது. அதன் கரைவழியே நடந்தவர்களுக்கு அது கால்வாயா சாக்கடையா என்று விளக்க வேண்டியதில்லை. அதற்குக் கீழே கொஹாகொடவில், பல தசாப்தங்களாக நகரக் குப்பை மலையாகக் குவிக்கப்பட்ட இடம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. மழை பெய்யுந்தோறும் அம்மலை கசிகிறது. அக்குறணைப் பக்கத்துக் கழிவுகளைச் சுமந்துவரும் பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையில் வந்து சேர்கிறது. இவையனைத்தும் சேர்ந்தபின் எதிர்ப்படுவதுதான் பொல்கொல்ல அணை. ஓடும் ஆறு அங்கே நின்று குளமாகிறது; வண்டலும் அழுக்கும் அடியிற் படிகின்றன.

1976 இல் இயங்கத் தொடங்கிய அந்த அணையிலிருந்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கம் ஒன்று மலையைத் துளைத்துச் செல்கிறது. மறுபுறத்தில் இருப்பது 40 மெகாவாற்று உக்குவளை மின் நிலையம். சுழலிகளைச் சுற்றியபின் அந்த நீர் மகாவலிக்குத் திரும்புவதில்லை. சுது கங்கையில் விழுகிறது. சிங்களத்தில் 'வெள்ளை ஆறு' என்று பொருள்படும் அப்பெயரை அதற்கு இட்டவர்கள் நல்லவேளையாக இன்று இல்லை. சுது கங்கை மாத்தளைப் பக்கமாக ஓடி அம்பன் கங்கையோடு சேர, போவத்தென்ன அணை அந்நீரின் ஒரு பகுதியை மீண்டும் சுரங்கவழியே வடக்கே அனுப்புகிறது. தம்புள்ளைக்கும் கலாவெவவுக்கும் அநுராதபுரத்துக் குளங்களுக்கும் அது போகிறது.

ஆக, கண்டியின் சாக்கடையைத் தன் இயல்பான பாதையில் ஒருநாளும் கண்டிராத ஓர் ஆற்றுக்கு அதனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மின் நிலையம். 'நாங்கள் எதனையும் கலக்கவில்லை' என்று அது சொல்வது, அடுத்த வீட்டுக் குப்பையைத் தன் கூடையில் அள்ளி மூன்றாம் வீட்டு முற்றத்தில் கொட்டியவன், குப்பை என்னுடையதன்று என்று சொல்வதைப் போன்றது. குப்பை யாருடையது என்பது ஒரு கேள்வி. கொட்டியது யாருடைய கூடை என்பது வேறொரு கேள்வி. சட்டம் முதற்கேள்வியோடு நின்றுவிட்டது.

நகரமல்லவா முதலில் திருந்த வேண்டும் என்பர். உண்மைதான். 2010 இல் கைச்சாத்தான ஜப்பானியக் கடனைக் கொண்டு கன்னொருவவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. நகரத்தின் ஒரு பகுதிக்கு அது பயன்படுகிறது. நல்லதே. ஆயின் நகரம் முழுதும் குழாய் பதிக்கப்படும் நாள்வரை சுரங்கத்தின் மறுமுனையில் இருப்பவர்கள் என்ன செய்வது? தாம் எதனைக் குடிக்கிறோம் என்று அறியும் உரிமைகூட அவர்களுக்கு இல்லையா?

இனி, நிலையத்தின் உள்ளே செல்வோம். வந்த நீர் வந்தபடியே போகிறது என்பது அங்கேயும் உண்மையன்று. சுழலியின் அச்சைத் தாங்கும் பேரிங்குகள் எண்ணெயில் மூழ்கியிருப்பவை. அவற்றையும் மின்பிறப்பாக்கியையும் குளிரவைக்க ஆற்று நீரையே எடுத்துச் சூடாக்கி விடுகிறார்கள். அடைப்புகளின் கசிவு, தரை கழுவிய நீர், சிந்திய மசகு ஆகிய யாவும் நிலையத்தின் அடித்தளத்திலுள்ள வடிகாற் குழியில் சேர்கின்றன; குழி நிரம்பியதும் பம்பி வெளியேற்றப்படுகின்றன. எண்ணெயைப் பிரித்தெடுக்கும் அமைப்பு செவ்வனே இயங்கினால் தீங்கு சிறிது. இயங்காவிட்டால்? மின்மாற்றிகளில் இருப்பதோ தொன் கணக்கான எண்ணெய். 2009 ஆகஸ்ட் 17 இல் ரஷ்யாவின் சயானோ சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையம் உடைந்து 75 தொழிலாளர் மாண்டபோது, குறைந்தது 40 தொன் எண்ணெய் யெனிசே நதியில் பரவிற்று. கீழேயிருந்த மீன் பண்ணைகளில் மீன்கள் செத்து மிதந்தன. நீர்மின் நிலையத்தில் எண்ணெய் ஏது என்று கேட்பவர்கள் அந்த நதிக்கரை மக்களைக் கேட்கட்டும்.

இவற்றிலும் நுட்பமான அநீதி ஒன்று உண்டு; இதனை எவரும் பேசக் காணேன். 2008 இல் வகுக்கப்பட்ட நம் நாட்டுக் கழிவுநீர் நியமங்கள், உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் ஒரு லீற்றருக்கு எண்ணெயும் கொழுப்பும் 10 மில்லிகிராமைத் தாண்டலாகாது, உயிரியல் ஒட்சிசன் தேவை 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்றெல்லாம் வரையறுத்தன. அவ்வெண்கள் ஒரு நம்பிக்கையின்மேல் எழுப்பப்பட்டவை: கழிவுநீரைப்போல் குறைந்தது எட்டு மடங்கு தூய நீர் ஆற்றில் இருந்து அதனைக் கரைத்துக்கொள்ளும் என்பதே அந்நம்பிக்கை. இப்போது பொல்கொல்லவை நினைத்துப் பாருங்கள். ஆற்றின் பெரும்பங்கைச் சுரங்கம் கொண்டுபோகிறது. எஞ்சிய நீர்தான் லேவெல்ல, தென்னக்கும்புர வழியாக விக்டோரியா நீர்த்தேக்கத்தை நோக்கித் தவழ்கிறது. அவ்வழியில் பட்டறையோ விடுதியோ தொழிற்சாலையோ நியமத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாலும், கரைப்பதற்குரிய நீரை மின் நிலையம் முன்னரே எடுத்துச் சென்றுவிட்டது. எதனையும் கலக்காமலே ஆற்றைக் கெடுக்கலாம், எடுத்தாலே போதும். கண்டிக் கடைவீதியில் விலைக்குறைப்பைக் 'கழிவு' என்று எழுதித் தொங்கவிடுகிறார்கள். சாக்கடையும் கழிவு, கழித்து எடுப்பதும் கழிவு. தமிழ் ஆசிரியன் என்ற முறையில் இச்சொல்லை நான் வகுப்பில் விளக்கும்போது, மாணவர் சிரிக்கிறார்கள். பொல்கொல்லவில் இரண்டு பொருளும் ஒருங்கே நிறைவேறுகின்றன.

இந்த வழக்கு உலகில் வேறெங்கும் எழுந்ததில்லையா? எழுந்தது. அமெரிக்காவின் மேன் மாநிலத்தில் ஆறொன்றின்மேல் ஐந்து நீர்மின் அணைகளை வைத்திருந்த ஒரு காகிதக் கம்பெனி, நாங்கள் எதனையும் கலக்கவில்லை, ஆகவே எங்கள் நீரை 'வெளியேற்றம்' என்று சொல்லலாகாது என்று உயர் நீதிமன்றம்வரை வாதாடிற்று. 2006 இல் நீதிபதிகள் அதனை ஒருமனதாகத் தள்ளினர்; அணையை விட்டு வெளியேறும் நீர் வெளியேற்றமே என்றனர். அதே நாட்டில் கொலம்பியா, ஸ்னேக் நதிகளில் இராணுவப் பொறியியற் படை நடத்தும் எட்டு அணைகளிலிருந்து எண்ணெய் கசிவதை எதிர்த்து, நதிப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று 2013 இல் வழக்கிட்டது. 2014 இல் அரசு இணங்கிவந்தது: அணைகளுக்கு அனுமதிப்பத்திரம் கோரவும் எண்ணெய்க் கணக்கை வெளியிடவும் ஒப்புக்கொண்டது. அங்கே அத்தகைய பத்திரம் ஐந்தாண்டுக்கு மேல் செல்லாது. புதுப்பிக்கு முன்னர் வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். முதலாளித்துவ நாட்டின் நீதியைப் போற்றுவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நீரை மாற்றுவதற்குப் பத்திரமே தேவையில்லை என்று அந்நாட்டின் சுற்றாடல் நிறுவனம் 2008 இல் விதி செய்துகொண்டதையும் நாம் அறிவோம். உக்குவளைச் சுரங்கத்தைப் போன்றவற்றுக்கு அங்கும் கதவு திறந்தே இருக்கிறது. கிடைத்த சிறு உரிமையும் மக்கள் வழக்காடிப் பெற்றது என்பதே நான் சுட்ட விரும்புவது.

இப்போது நம்மவருக்கு வருகிறேன். நீர்மின்சாரம் தேசத்தின் சொத்து, அதனைக் குறைகூறினால் நிலக்கரிக் கம்பெனிகளும் தனியார்மயவாதிகளுமே மகிழ்வர் என்று சில தோழர்கள் நம் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். லெனின் 1920 இல் சோவியத் ஆட்சியையும் மின்மயமாக்கலையும் இணைத்துப் பேசியதை நினைவூட்டுகிறார்கள். அதனை நான் மறக்கவில்லை. விமலசுரேந்திர 1918 இல் இந்நாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை வாசித்ததையும், அக்கனவு 1950 இல் லக்ஷபானவில் ஒளிர்ந்ததையும் பெருமையோடு மாணவருக்குச் சொல்கிறவன் நான். நுரைச்சோலைப் புகையைவிட உக்குவளை நீர் மேலானது என்பதிலும் ஐயமில்லை. ஆயின் பொதுச்சொத்து என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? மக்களுக்குக் கணக்குக் காட்டாத சொத்து எவ்வாறு மக்களுடையதாகும்? தனியார் ஆலையின் குழாய்வாயில் போத்தலோடு நின்று மாதிரி எடுப்போம், அரச நிலையத்தின் வாயிலைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வோம் என்பது சோஷலிசமன்று. அரச அதிகாரிகளுக்கான காவடி. தனியார்மயவாதிக்கு வழிதிறப்பதும் இந்த மௌனந்தான். பொதுத்துறை எவருக்கும் பதில் சொல்வதில்லை என்று அவன் நாளை சொல்லும்போது நம்மிடம் என்ன மறுமொழி இருக்கும்?

ஆறு அழுக்கானதற்கு யார் காரணம் என்று மேல்நாட்டில் பேச்செழும்போது விரல்கள் உடனே தோட்டத்து லயங்களை நோக்கி நீள்வதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஒழுங்கான மலசலகூடம் கட்டிக்கொடுக்கப்படாத மக்கள், ஓடைக்கரையை நாடினால் குற்றவாளிகள். அந்த ஓடைகளின் நீரையெல்லாம் சேர்த்து மின்சாரமாக்கி விற்றவர்கள் மட்டும் 'பசுமை' என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள்.

பத்திரம் இருக்கும் தொழில்களிலேனும் நிலைமை எப்படி? காலாவதிக்கு முன்னர் விண்ணப்பம் போகிறது, அதிகாரி பார்வையிடுகிறார், கட்டணம் செலுத்தப்படுகிறது, பத்திரம் புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்க மறுத்தால், விண்ணப்பித்தவர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம் என்று சட்டம் வழிவகுத்திருக்கிறது. கீழ்க்கரையில் குடிப்பவன், புதுப்பித்தது தவறு என்று அதேபோல் முறையிட அச்சட்டத்தில் வழியில்லை. பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதன்பின் ஆண்டாண்டாக நடப்பதைப் பார்வையிட அத்தகைய நாளொன்றும் ஒதுக்கப்படவில்லை. திருமணத்துக்கு ஊரையழைத்துவிட்டு, குடித்தனத்தைக் கதவடைத்து நடத்துவது போலத்தான்.

ஆகவே நாம் கோருவது இரண்டு. நீர்மின் நிலையமும் பத்திரம் பெறவேண்டும்; ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்குமுன், சுரங்கத்தின் நுழைவாயிலிலும் சுழலிக்குப் பின்னுள்ள வெளியேற்று வாயிலிலும் எடுத்த நீரின் அளவீடுகளைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, கண்டியில் மட்டுமன்றி உக்குவளையிலும் மாத்தளையிலும் ஒட்ட வேண்டும். அந்நீரைக் குடிப்பவருக்கும் மேன்முறையிடும் உரிமை வேண்டும்.

இதற்குச் சட்டம் மாறும்வரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் அரச நிறுவனத்திடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவைச் சொல்ல வேண்டும். உயர்தர வகுப்பு மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து ஒரு பிற்பகலில் எழுதிவிடக்கூடிய கடிதம் அது. கேட்க வேண்டியவை இவை: உக்குவளை நிலையத்தின் வடிகாற் குழியிலிருந்து சென்ற ஐந்தாண்டுகளில் வெளியேற்றிய நீரை எத்தனை முறை சோதித்தீர்கள்? அதிலிருந்த எண்ணெய் எவ்வளவு? ஆண்டுதோறும் வாங்கிய மசகெண்ணெய் எவ்வளவு, கழிவெண்ணெயாகத் திரும்ப ஒப்படைத்தது எவ்வளவு, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எங்கே போயிற்று?