ஒரே விலை சமநீதி ஆகுமா?

எரிபொருள் விலைத் திருத்தம் அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தலைநகரில் எழும் கேள்வி, லீற்றருக்கு எத்தனை ரூபா கூடியது அல்லது குறைந்தது என்பதாகும். வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் வாழும் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாடெங்கும் ஏறக்குறைய ஒரே விலை நிலவுகையில், அதன் சுமையும் ஒரே அளவில் பகிரப்படுகின்றதா என்பதே அது.

யுத்த காலத்தில் இக்கேள்விக்கே இடமிருக்கவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ். குடாநாட்டில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாகியது. சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை அம்மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது தட்டுப்பாடு மீண்டும் தலைதூக்கியது. கொழும்புக்கு ஒரு விலை, குடாநாட்டுக்கு இன்னொரு விலை என்ற அந்நிலை யுத்தத்துடன் நீங்கியது. ஆயினும் விலை ஒன்றானதால் மாத்திரம் நியாயம் பிறந்துவிடவில்லை.

2022 ஆகஸ்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டமை இதற்குத் தக்க உதாரணமாகும். நகரவாசிக்கு அது வெறும் செய்தி. ஆனால் மன்னார், முல்லைத்தீவு முதல் கல்முனை வரை வெளியிணைப்பு இயந்திரப் படகில் அன்றாடம் கடலுக்குச் செல்லும் தமிழ், முஸ்லிம் கடற்றொழிலாளருக்கு அது தொழிலின் உயிர்நாடியையே அறுத்ததாகும். மண்ணெண்ணெய் அடுப்பை நம்பியிருந்த தோட்டக் குடும்பங்களும் அச்சுமைக்குத் தப்பவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் அறிமுகமான கியூ.ஆர். முறையிலும் இக்குறைபாடு காணப்பட்டது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றர் என்பது நாடு முழுவதற்கும் பொதுவான ஒதுக்கீடாகும். பேருந்தும் புகையிரதமும் அருகிலுள்ள கொழும்புவாசிக்கும், வைத்தியசாலைக்கே பல கிலோமீற்றர் செல்ல வேண்டிய வன்னிக் கிராமவாசிக்கும் அதே 4 லீற்றர்தான். வரிசைகளை ஒழித்த வகையில் அம்முறை பயனளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தூரத்தை அது கணக்கில் எடுக்கவில்லை.

மலிவான மண்ணெண்ணெய் டீசலுடன் கலக்கப்பட்டு முறைகேடாகப் பயன்படுத்தப்படும் என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. நட்டத்தில் விற்று நாடு மீண்டும் வங்குரோத்து நிலைக்குச் செல்ல வேண்டும் என்று எவரும் கோரவும் இல்லை. ஆனால் அதற்கான தீர்வு அனைவர் மீதும் ஒரே சுமையை ஏற்றுவதல்ல. பதிவு செய்யப்பட்ட படகுகளின் அடிப்படையில் கடற்றொழிலாளருக்கு நேரடி நிவாரணம் வழங்க இயலும். வாகன இலக்கத்தைக் கொண்டு எரிபொருளைப் பங்கிட முடிந்த ஓர் அரச இயந்திரத்துக்கு, படகின் பதிவிலக்கத்தைக் கொண்டு மானியம் வழங்குவது இயலாத காரியமல்ல.

சமமற்ற நிலையில் வாழ்வோரைச் சமமாக நடத்துவது நீதியாகாது. விலைச் சூத்திரத்தை வகுப்போர், கரையோரத்தையும் தோட்டப்புறத்தையும் அச்சூத்திரத்தின் ஓர் அங்கமாகக் கருத வேண்டும்.