மேட்ச் 7.30 மணிக்கு, மேப்ஸ் சொல்லும் நேரத்தை நம்பலாமா?

மாலை 5 மணிக்குச் சென்னை விமான நிலையத்தில் இறங்கி, 7.30 மணி ஐபிஎல் மேட்சுக்குச் சேப்பாக்கம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலரும் காலையிலேயே வீட்டுக் கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸைத் திறந்து, அது காட்டும் நேரத்தை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அது அந்த நிமிடத்துப் போக்குவரத்தை வைத்துப் போட்ட கணக்கு. மாலையில் கிண்டியும் அண்ணா சாலையும் வேறு மாதிரி இருக்கும். டைரக்ஷன்ஸ் பகுதியில் 'லீவ் நவ்' என்பதைக் கிளிக் செய்து, 'அரைவ் பை' என்று மாற்றி, மேட்ச் தேதியையும் 6.30 மணியையும் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரமும், மைதான வாசல் வரிசையும் அதில் சேராது (நீங்கள் விமானத்தில் வருவது மேப்ஸுக்கு எப்படித் தெரியும்?).

என்னைக் கேட்டால் டாக்சியே வேண்டாம். விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்குங்கள். 2019 முதல் இந்த நேர் வழி இருக்கிறது. பயணம் சுமார் அரை மணி நேரம்தான். பிறகு கொஞ்சம் நடை.

லேப்டாப்புடன் வருகிறீர்களா? ஐபிஎல் மேட்சுகளில் பொதுவாக லேப்டாப்பையும் பைகளையும் உள்ளே விடுவதில்லை. எங்கே வைப்பது என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கேட்டில் நின்று கெஞ்சினால் முதல் ஆறு ஓவர் போய்விடும்.